ஒரு சதுர அங்குலத்தில் 640 ஏக்கர்: மலையகத்தின் பழைய இடவிளக்கப் படங்களை வாசிப்பது எப்படி?

ஒரு தோட்டம் முன்பு எதுவரை இருந்தது, ஓர் ஓடை எந்த வழியாக ஓடியது, தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரம் சரியாக எந்த இடத்தில் இருந்தது? மலையகத்தில் இப்படிக் கேள்விகள் அடிக்கடி வரும். பதில் பெரும்பாலும் யாராவது ஒரு தாத்தாவின் ஞாபகத்தில்தான் இருக்கும். ஆனால் தாளிலும் ஒரு பதில் இருக்கிறது. நில அளவைத் திணைக்களம் 1897இல் தொடங்கி 1924 வரை இலங்கைத் தீவு முழுவதையும் அளந்து, 72 தாள்களாக ஓர் இடவிளக்கப் படத் தொடரை உருவாக்கியது. நிலத்தில் ஒரு மைல் என்றால் தாளில் ஓர் அங்குலம். எண்ணில் சொன்னால் 1:63,360. அதனால் ‘ஓர் அங்குலப் படம்’ என்றே அதற்குப் பெயர். சாதாரண தரப் பரீட்சைக்குப் புவியியல் எடுத்தவர்கள் 1:50,000 படத்துண்டு ஒன்றோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அதற்கு முந்திய தலைமுறை இது.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் மனதில் தோட்டத் தொழிலாளி இருந்ததில்லை. நிர்வாகத்துக்கும், வீதிக்கும், ரயிலுக்கும், தோட்ட முதலாளிக்கும் உதவத்தான் அவை வரையப்பட்டன. ஆனால் இன்றைக்கு அவற்றால் அதிகம் பயன் பெறக்கூடியவர்கள் அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான். காணி கேட்கிறவர்களும் அவர்கள்தான், மண்சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்களும் அவர்கள்தான். இந்தப் படங்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் நாலு பேராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் ஃபிரெடெரிக் நோர்த்தின் காலத்தில் தொடங்கப்பட்டது. முதல் நில அளவையாளர் நாயகம் ஜோன்வில். அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது கரையோரம் மட்டும். மலைநாடு கண்டி மன்னனிடம் இருந்தது. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகுதான் சங்கிலியும் கருவியும் மேலே ஏறின. முதலில் படைக்கும் வீதிக்கும் வேண்டியதை அளந்தார்கள். அந்த வேலையில் பெயர் பெற்றவர் ஜோன் ஃபிரேசர். அவருடைய இலங்கைப் படம் 1862இல் லண்டனில் வெளியானது.

உண்மையான அவசரம் கோப்பியோடு வந்தது. 1830களிலும் 1840களின் தொடக்கத்திலும் மலைக்காடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் அடிவிலை 20 ஷில்லிங்காக உயர்ந்தது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு பெரிய வேலையைச் செய்தது: காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் எல்லாம், மறுத்து நிரூபிக்கும்வரை முடிக்குரியது என்று அது அனுமானித்தது. கண்டிக் கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய காடும், மாடு மேய்த்த பத்தனையும் இப்படித்தான் விற்பனைப் பட்டியலில் ஏறின. பத்திரம் காட்டு என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? விற்பதற்கு முன் எல்லை குறிக்க வேண்டும், எல்லைக்கு அளவை வேண்டும். வந்து குவிந்த விண்ணப்பங்களுக்கு அளந்து கொடுக்க முடியாமல் திணைக்களம் திணறியது. மலையகம் அளக்கப்பட்ட கதையின் தொடக்கம் இந்த விற்பனைதான். இதில் நிலத்தை இழந்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். அந்த நிலத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர்கள். இரண்டு பேருடைய வரலாறும் ஒரே எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அளந்த கருவி 66 அடி நீளச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் 4 ரூட், ரூட்டில் 40 பேர்ச், ஆக ஏக்கருக்கு 160 பேர்ச். மீற்றர் முறைக்கு நாடு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் மலையகத்தில் வீட்டுக்காணி பற்றிப் பேச்சு வந்தால் ‘ஏழு பேர்ச்’ என்றுதான் வரும். அந்தப் பேர்ச் கோப்பிக் காட்டை அளந்த சங்கிலியிலிருந்து இறங்கி வந்தது.

ஓர் அங்குலத் தொடர் தொடங்கிய 1897இல் கோப்பி செத்துப்போய்விட்டது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் தலைகாட்டிய இலைத்துரு நோய் இருபது வருடத்துக்குள் அதைத் துடைத்துவிட்டது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1875இல் சுமார் ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1895இல் 3 லட்சம் ஏக்கர் அளவுக்குப் பெருகியது. ரயில் 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆக, அந்தத் தாள்களில் நாம் பார்ப்பது தேயிலை நாடு முழுதாக உருவாகி முடிந்த நேரத்து மலையகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாரும் உரிமையை நிரூபிக்காத நிலத்தை முடிக்கு எடுத்துக்கொள்ள வழிசெய்த, தரிசு நிலக் கட்டளைச் சட்டம் என்று அறியப்படும் சட்டம் வந்ததும் அதே 1897இல்தான்.

இந்தப் பெரிய அளவைக்கு அடித்தளம் முக்கோண அளவை. ஓர் உச்சியில் நின்று இன்னும் இரண்டு உச்சிகளைப் பார்த்துக் கோணம் எடுப்பது, அப்படியே முக்கோணம் முக்கோணமாகத் தீவு முழுக்கப் பின்னிக்கொண்டு போவது. அதற்கு உயரமான இடம் வேண்டும். உயரம் இருந்தது மலையகத்தில். சிவனொளிபாதமலை, பிதுருதலாகல என்று நாம் தினமும் அண்ணாந்து பார்க்கும் மலைகள் எல்லாம் வரைபடக்காரருக்கு அளவைப் புள்ளிகள். இதில் பிதுருதலாகலவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 2,524 மீற்றர் உயரமான அந்த உச்சிதான் இலங்கையின் தேசிய வரைபடக் கட்டத்துக்குத் தொடக்கப்புள்ளி. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவுக்கோ காலியில் ஒரு கடைக்கோ நில அளவையாளர் ஆள்கூறு எழுதினால், அந்த எண்கள் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் அந்த மலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

சரி, தாளைக் கையில் எடுத்தால் முதலில் என்ன பார்ப்பது? ஓரத்தைத்தான். நிலம் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். 1950களில் அச்சடித்த தாள் ஒன்று, சில இடங்களில் அதற்கு நாற்பது வருடம் முந்திய நிலத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்காமல் ‘அந்த வருடத்தில் இங்கே வீதி இல்லை’ என்று யாராவது வாதாடினால் அந்த வாதம் நிற்காது.

அடுத்தது சமவுயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் கோடு. ஓர் அங்குலத் தாளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 100 அடி உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 பாகைச் சரிவில் 100 அடி ஏற 100 அடி முன்னே போக வேண்டும். தாளில் அது அரை மில்லிமீற்றர்கூட இல்லை. 30 பாகை என்றால் 0.8 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. 20 பாகை என்றால் 1.3 மில்லிமீற்றர். ஆகவே சாதாரண அடிமட்டம் ஒன்றும் கைக்கண்ணாடி ஒன்றும் இருந்தால் போதும், ஒரு சரிவின் குணத்தை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு இருக்கும் இடத்தில் நிலம் 800 மீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் இறங்குகிறது. அங்கே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்த பட்டையாகிவிடும்.

கோடு வளையும் திசைதான் இன்னும் முக்கியம். ஓடையைக் கடக்கும்போது சமவுயரக் கோடு மேட்டுப் பக்கமாகக் கூம்பி வளையும். மலைத்தொடர் முதுகைக் கடக்கும்போது பள்ளத்துப் பக்கமாக வளையும். நீல நிறத்தில் ஓடை வரைந்திருக்காத இடத்திலும் கோடுகள் மேட்டுப் பக்கமாக அடுக்கடுக்காக வளைந்திருந்தால், அது ஒரு வறண்ட மடிப்பு. வருடத்தில் பதினொரு மாதம் அங்கே தண்ணீர் இருக்காது. பெருமழை நாளில் மலைத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும். இந்த ஒரு விடயத்துக்காகவே பழைய தாளைத் தேடிப் போகலாம் என்பேன். ஏனென்றால், அப்புறம் வந்த வீதிகளும் கட்டிடங்களும் மண் நிரப்பிய மைதானங்களும் இப்படிப்பட்ட மடிப்புகளை எத்தனையோ இடங்களில் கண்ணுக்கு மறைத்துவிட்டன.

ரயில் பாதை, சமவுயரக் கோடுகளை வாசித்துப் பழக நல்ல இடம். நாவலப்பிட்டியிலிருந்து மேலே வரும் பாதை கோட்டோடு கோடாக ஒட்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒட்ட முடியாத முதுகு வந்தால் சுரங்கம், அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே இருக்கும் சிங்கமலைச் சுரங்கம் மாதிரி. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன்னுடைய ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. அதைப் படத்தில் பார்த்தால்தான் அந்தச் சுற்று எதற்கு என்பது புரியும்.

இனி, படம் காட்டாதவை. ஒரு சதுர மைலில் 640 ஏக்கர். அதாவது 640 ஏக்கர் தோட்டம் ஒன்று தாளில் ஒரு சதுர அங்குலம். அதற்குள் தோட்டத்தின் பெயர், துரை பங்களா, ஸ்டோரு என்கிற தேயிலைத் தொழிற்சாலை, வண்டிப்பாதை, ஓடை எல்லாம் அடங்க வேண்டும். 10 அடி அகலத்தில் 12 காம்பிராக்கள் வரிசையாக இருக்கும் ஒரு லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 120 அடி நீளம். தாளில் 0.6 மில்லிமீற்றர்கூட வராது. 12 குடும்பங்களின் பிறப்பு, சாவு, கல்யாணம் எல்லாம் நடந்த இடத்தைக் காட்டினாலும் ஒரு கறுப்புத் துணுக்குக்கு மேல் எதுவும் இருக்காது. இது அளவுத்திட்டத்தால் வருவது, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வேறு விதமான விடுபடலும் உண்டு. தோட்டத்தில் தேயிலை வளரும் பகுதி ஒவ்வொன்றும் ஒரு ‘மலை’. ஆறாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலை என்று எண் இருக்கும்; அதற்கு மேல் ஆட்கள் வைத்த பெயரும் இருக்கும். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள் இருக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம், தண்ணி பிடிக்கும் பீலி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்கு, மாசியில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல், ஸ்டோருக்குப் பக்கத்தில் ரோதமுனி சாமி, மலைக்குள் கவ்வாத்து வெட்டும்போது கும்பிடும் கவ்வாத்துச்சாமி என்று ஒரு முழு ஊரே இருக்கும். நம்பர் போட்ட மலைகள் தோட்ட நிர்வாகத்தின் சொந்தப் படத்தில் இருக்கும். அந்தப் படம் துரையின் அலுவலகச் சுவரில் தொங்கும். மற்றவை எந்தப் படத்திலும் ஏறவில்லை.

படத்தில் ஏறாதது பிற்காலத்தில் நிர்வாகத்திலும் எதிரொலித்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது தோட்டப் பகுதிகளில் சபைப் பணத்தைச் செலவழிக்க 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாமல் நின்றது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வீட்டுக்கென்று ஒரு முகவரி இல்லாமல், கடிதம் தோட்ட அலுவலகம் வழியாக வரும் நிலை இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது.

பெயர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. தாளில் அச்சாகியிருப்பது தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், பெரும்பாலும் ஸ்கொட்லாந்துக்காரர் வைத்தது: எடின்பரோ, ஹோலிரூட், கிளென்லியன், கிரேகிலி என்று. ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஃபெர்குசன் டைரக்டரி என்ற பழைய தோட்டக் கையேட்டில் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரும் அச்சாகியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தேடல் முடியும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் நீலகிரியிலும் மற்ற இடங்களிலும் இருக்கிறார்கள். பாட்டியின் பழைய கடுதாசியில் ஒரு தோட்டப் பெயர் மட்டும் இருக்கும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், இடையில் சில தோட்டங்கள் ஒன்றாகி, சில துண்டாகி, அந்தப் பெயர் இன்றைய படத்தில் இல்லாமல் போயிருக்கலாம். பழைய தாளில் இருக்கும்.

தண்ணீருக்குள் போன இடங்களுக்கும் இதே கதை. மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டினார்கள். பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது, நகரம் மேலே இடம் மாறியது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும், ஆட்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அந்தக் கோயிலைச் சுற்றித் தெரு எப்படிப் போனது, பாலம் எங்கே இருந்தது, ஆறு எந்தப் பக்கம் வளைந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அணைக்கு முந்திய தாள் வேண்டும். கெஹெல்கமு ஓயாவில் காசல்ரி, மகாவலியில் விக்டோரியா, கொத்மலை ஓயாவில் கொத்மலை என்று ஒவ்வொரு தேக்கத்துக்குக் கீழும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது.

பழைய தாளை இன்றைய நிலத்தோடு பொருத்துவது இப்போது கடினமில்லை. கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் தாளின் படத்தைச் செய்மதிப் படத்துக்கு மேல் வைத்து, அதன் ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்து ஊடாகப் பார்க்கலாம். பொருத்துவதற்கு அசையாத புள்ளிகளைப் பிடிக்க வேண்டும்: மலையுச்சி, இரண்டு ஆறு கூடும் இடம், ரயில் நிலையம், சுரங்கத்தின் வாய். லயத்தையும் வீதி வளைவையும் நம்பக் கூடாது, அவை மாறியிருக்கும். பொருத்தி முடித்ததும் தோட்டத்தில் வயது போனவர்களை உட்காரவைத்து, இந்த மலைக்கு என்ன பெயர், இந்தப் பீலிக்கு எங்கேயிருந்து தண்ணீர் வந்தது, எந்த வருடம் இந்தக் கான் (வடிகால்) உடைந்தது என்று கேட்டு அதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம். இது செய்ய வேண்டிய வேலை, அதுவும் சீக்கிரம். மலைக்குப் பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன.

இந்த இடங்களின் வடிவத்தைப் பழைய படத்தில் ஓரளவு படிக்கலாம். மேலே கோடுகள் நெருக்கியடித்த செங்குத்துப் பாறை, அதற்கு நேர் கீழே கோடுகள் திடீரென்று விலகிய சாய்வு. நின்று பார்த்தால் வீடு கட்ட வசதியான தரையாகத் தெரியும், தண்ணீரும் பக்கத்தில் இருக்கும். பழைய காலத்தில் மேலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் தேங்கியே அப்படிப்பட்ட தரை பல இடங்களில் உருவாகியிருக்கிறது. மழை நீர் உள்ளே இறங்கி மண் ஊறினால் அது திரும்பவும் நகரலாம். அதோடு மேலேயிருந்து ஒரு மடிப்பும் நேராக அதன் மேல் இறங்கினால் இன்னும் மோசம்.

ஆனால் இந்தப் படத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 100 அடி இடைவெளிக்குள் 90 அடிப் பள்ளம் ஒன்று கோட்டில் படாமல் ஒளிந்திருக்கலாம். 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 13 மீற்றர். ஓர் அங்குலத் தாளில் அது 0.2 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட பேனாக் கோட்டின் தடிப்பு. ஆகவே ஒரு குடும்பத்தின் காணித்துண்டு பாதுகாப்பானதா என்று இந்தத் தாள் தீர்ப்புச் சொல்லாது. காணி எல்லைக்கும் இது சான்றாகாது. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த தனி நில அளவைப் படம் வேண்டும். சரிவு ஆபத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து தொடங்கி 1:10,000 அளவில் வலயப் படங்கள் செய்திருக்கிறது. அந்த அளவில் 13 மீற்றர் 1.3 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியும்.

அதனால் தோட்டத்தில் வீட்டுக்காணி பிரித்துக் கொடுக்கும்போது இரண்டு தாள்களையும் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 1:10,000 வலயப் படத்தில் அந்த வீட்டுத்திட்டம் எந்த நிறத்துக்குள் விழுகிறது, மேலே இருக்கும் சரிவு எந்த நிறம் என்று பார்க்க வேண்டும். பழைய தாளில் அந்த இடத்தில் கோடுகள் எந்தப் பக்கம் வளைகின்றன, ஏதாவது நீலக்கோடு அதன் வழியாக ஓடியதா என்று பார்க்க வேண்டும். ஓடியிருந்தால், அந்தத் தண்ணீரை இப்போது எந்தக் கானில் எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று அளவையாளரிடமும் துரையிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.